அப்பா படித்த யுனிவர்சிட்டி இப்போது இல்லை!

கேள்வி – பதில்: பிளஸ் டூ ஸ்பெஷல்

ரிசல்ட் வந்த கையோடு கேள்விகள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவை சிதம்பரம், கடலூர் பக்கமிருந்து. மார்க் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறைவு. வீட்டில் நடக்கும் 'எங்க யுனிவர்சிட்டியா, உங்க யுனிவர்சிட்டியா' சண்டையைப் பற்றித்தான் ஊரே எழுதியிருக்கிறது.

அப்பா அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அம்மா சென்னைப் பல்கலைக்கழகம். நான் எங்கே சேர்ந்தாலும் ஒருவர் என்னோடு பேசப்போவதில்லை. யாரைச் சமாதானப்படுத்துவது?
*– நடுவில் மாட்டிய மகள், சிதம்பரம்*

யாரையும் வேண்டாம். இரண்டு பேருமே இப்போது இல்லாத ஓர் இடத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகம் நெடுங்காலம் அவர் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. நிதி நெருக்கடி முற்றிய பிறகு 2013-இல் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. வெளிக் கல்லூரி எதையும் சேர்க்காமல், ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் இடமாக இருந்ததும் பழைய கதை. 2021 முதல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அதனோடு இணைந்துவிட்டன.

அம்மாவின் சென்னை மட்டும் அப்படியேவா இருக்கிறது? 1857-இல் தென்னிந்தியாவுக்கே அது ஒன்றுதான். பிறகு மதுரைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, பொறியியலுக்கு ஒன்று எனப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துவிட்டது. வாசல் அதே வாசல், உள்ளே வேறு குடித்தனம். இருவரிடமும் அவர்கள் சேர்ந்த வருடத்தைக் கேளுங்கள். 'நான் சேரப்போவது இந்த வருடம்' என்று மட்டும் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

'அண்ணாமலை' என்றால் சென்னைச் சொந்தக்காரர்கள் 'ஓ, அண்ணா யுனிவர்சிட்டியா?' என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
*– பி.காம். மாணவர், புவனகிரி*

அண்ணாமலை தொடங்கிய ஜனவரியில் அறிஞர் அண்ணாவுக்கே வயது பத்தொன்பதுதான். அவர் பெயரில் கிண்டியில் பல்கலைக்கழகம் வந்தது 1978-இல். நிதானமாகச் சொல்லுங்கள்: 'இல்லை மாமா, இது அதைவிட நாற்பத்தொன்பது வயது மூத்தது.'

'டிகிரியில் அண்ணா யுனிவர்சிட்டி என்று இருந்தால் போதும், எந்த இன்ஜினீயரிங் காலேஜ் ஆனாலும் சரி. ஆனால் அண்ணாமலை மட்டும் வேண்டாம்' என்கிறார் பெரியப்பா.
*– கட்-ஆஃப் கணக்குப் போடுபவன், நெய்வேலி*

பெரியப்பா பெயர்ப்பலகையைப் படிக்கிறார். அதன் கீழே இருக்கும் சிறிய எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள். கிண்டி, ஏ.சி. டெக், கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய நான்கு வளாகங்கள் வேறு. நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகள் வேறு. பட்டத்தில் பெயர் ஒன்றானாலும் பாடம் எடுக்கும் ஆள் ஒன்றல்ல. கிண்டியில் சீட் கிடைத்தால் பெட்டியைக் கட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். கிடைக்காவிட்டால், எங்கோ ஹைவே ஓரத்தில் இருக்கும் இணைப்புக் கல்லூரியையும், 1945-இலிருந்து பொறியியல் நடத்தும் அண்ணாமலையையும் துறை துறையாக ஒப்பிடுங்கள்: லேப், நிரந்தர ஆசிரியர், ஃபீஸ், வேலைவாய்ப்பு. கவுன்சலிங் ஆன்லைனில்தான் நடக்கிறது. சாய்ஸ் பட்டியலை உங்கள் விருப்ப வரிசையில் போடுங்கள். லாக் பண்ணும் நேரத்தில் பெரியப்பாவைக் காபி சாப்பிட அனுப்பிவிடுங்கள்.

பி.எஸ்ஸி. அக்ரி படிக்க ஆசை. கோவையில் இருக்கும் தாய்மாமன் 'அக்ரி என்றால் கோவைதான், மற்றதெல்லாம் சும்மா' என்கிறார். அப்பா 'வீட்டுப் பக்கத்தில் அண்ணாமலை இருக்கும்போது கோவை எதுக்கு?' என்கிறார்.
*– விவசாயி மகள், விருத்தாசலம்*

தாய்மாமன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1868-இல் சைதாப்பேட்டையில் பண்ணைப் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்குக் குடிபெயர்ந்து, 1971-இல் வேளாண் பல்கலைக்கழகமான இடம் அது. ஆராய்ச்சி நிலையங்கள் மாநிலம் முழுக்க உண்டு. உங்களுக்குப் பக்கத்துப் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பதும் அவர்கள்தான். ஆனால் 'கோவை' என்று மாமா சொல்வது கோவை வளாகத்தையா, வேறு ஊரில் இருக்கும் உறுப்புக் கல்லூரியையா, இணைப்பு பெற்ற தனியார் கல்லூரியையா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பட்டம் ஒன்றுதான், படிப்பு அனுபவம் ஒன்றல்ல.

அப்பாவிடமும் ஒரு கேள்வி பாக்கி. அண்ணாமலையில் வேளாண் படிப்புக்கு வழக்கமான பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டு உண்டு. 'பக்கத்தில்' என்று அவர் சொல்வது எதை? ஹாஸ்டல் செலவில் மிச்சம் பிடிப்பது ஃபீஸில் போய்விடக் கூடாது. இரண்டு இடத்திலும் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மேல்படிப்புக்கு அது தேவைப்படும். அரசுப் பள்ளியில் படித்தவரானால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும், மாமாவும் அப்பாவும் சேர்ந்து வாயை மூடுவார்கள். இன்னொன்று: 2023-இல் கோவை, மீன்வளப் பல்கலைக்கழகம், அண்ணாமலை மூன்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகங்களே ஒரே ஃபாரத்தில் உட்கார்ந்தபோது குடும்பத்துக்கு என்ன கஷ்டம்?

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று பல்கலைக்கழகம். யாருடையது உசத்தி என்று தினமும் பட்டிமன்றம். தீர்ப்புச் சொல்லுங்கள்.
*– கடைக்குட்டி, கடலூர்*

முதலில் யார் எந்தக் கல்லூரி என்று கேட்டீர்களா? கடலூர் பெரியார் அரசுக் கல்லூரியில் படித்த குடும்பமாக இருந்தால் கதை சுவையானது. அங்கே படித்த அப்பாவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்த பிறகு படித்த அண்ணனுக்குத் திருவள்ளுவர் பட்டம். 2021-க்குப் பிறகு சேர்ந்த உங்களுக்கு அண்ணாமலை பட்டம். அதே காம்பவுண்டு, அதே பெஞ்ச், அதே மரத்தடி! உசத்தி யார் என்ற கேள்விக்கு அந்த பெஞ்ச்தான் பதில் சொல்ல வேண்டும்.

தாத்தா 'அண்ணாமலையில் படிப்பைவிட அரசியல்தான் அதிகம்' என்று பயப்படுகிறார்.
*– வரலாறு படிக்க விரும்பும் பேரன், சீர்காழி*

தாத்தாவின் நினைவு சரி. க. அன்பழகனும் நெடுஞ்செழியனும் அங்கே தமிழ் படித்துவிட்டுத்தான் அரசியலுக்கு வந்தார்கள். 1965 ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அண்ணாமலை நகரில் அவருக்குச் சிலை உண்டு. 1971-இல் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது எழுந்த கிளர்ச்சியும் மாணவர் உதயகுமாரின் மரணமும் இன்றுவரை பேசப்படுகின்றன. ஆனால் 1965-இல் சென்னைக் கல்லூரிகளும் மதுரைக் கல்லூரிகளும் வகுப்பிலா உட்கார்ந்திருந்தன? நீங்களோ வரலாறு படிக்கப் போகிறீர்கள். வரலாறு நடந்த இடத்தைப் பார்த்துப் பயந்தால் எப்படி?

என் பயம் ராகிங். பழைய சம்பவம் ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா?
*– ஓர் அம்மா, பண்ருட்டி*

இதில் நகைச்சுவை இல்லை, அம்மா. 1996 நவம்பரில் அண்ணாமலையில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டது யாருக்கும் மறக்காது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. உங்கள் பயத்தை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதே சமயம், அந்த ஒரு பெயரைத் தவிர்த்தால் ஆபத்து நீங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் ஆனாலும் இதைக் கேளுங்கள்: முதலாண்டுக்குத் தனி ஹாஸ்டல் உண்டா, வார்டன் இரவில் அங்கேயே தங்குகிறாரா, ராகிங் தடுப்புக் குழுவில் யார் யார்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

'அண்ணாமலையில் மெடிக்கல் என்றால் லட்சக்கணக்கில் கொட்டணும்' என்கிறார் சித்தப்பா. உண்மையா?
*– நீட் எழுதியவள், காட்டுமன்னார்கோவில்*

உண்மையாக இருந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக்குப் பதின்மூவாயிரத்துச் சொச்சம் கட்டணம் என்றால், அண்ணாமலையின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஐந்து லட்சத்துக்கு மேல். பல்கலைக்கழகத்தை அரசு எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நீடித்தது. மாணவர்கள் ஐம்பது நாளுக்கு மேல் போராடினார்கள். 2021-இல் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. சித்தப்பாவின் தகவல் காலாவதியாகிவிட்டது. மாத்திரை அட்டையில் தேதி பார்க்கும் குடும்பம், அறிவுரைக்கும் தேதி பார்க்க வேண்டும்.

கடல் உயிரியல் படிக்கச் சென்னைக்கோ கொச்சிக்கோ போக ஆசை. 'சொந்த ஊரில் படித்தால் யார் மதிப்பார்கள்?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.
*– பரங்கிப்பேட்டைக்காரன்*

கொச்சியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கடல் படிக்க வருகிறவர்கள் உங்கள் ஊர் பஸ்ஸில்தான் இறங்குகிறார்கள். ஆர்.வி. சேஷய்யா வளர்த்தெடுத்த, அண்ணாமலையின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடு கூப்பிடு தூரம். மாதிரி எடுக்க மற்றவர்கள் பயணப்படி வாங்குவார்கள். நீங்கள் சைக்கிளில் போகலாம். ஊரைவிட்டு வெளியே போகத்தான் ஆசை என்றால் அது தனி ஆசை, தப்பில்லை. அதற்குக் கடலைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

இசை படிக்கப் போகிறேன். பாட்டி 'அண்ணாமலைதான்' என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். சென்னை இசைப் பல்கலைக்கழகம் எப்படி?
*– பாடகி ஆகப்போகிறவள், வடலூர்*

பாட்டி காலில் வலு இருக்கிறது. டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் பாடம் சொன்ன இடம் அது. தமிழிசை இயக்கத்துக்கு அண்ணாமலை நகர்தான் தொட்டில். சென்னையில் தமிழிசைச் சங்கம் அதற்குப் பிறகு 1943-இல்தான் வந்தது. சென்னை இசைப் பல்கலைக்கழகத்துக்கு வயது குறைவு, 2013-இல் வந்தது. ஆனால் சபா, மேடை, கச்சேரி வாய்ப்பு எல்லாம் அந்த ஊரில். ஒரு சின்ன விஷயம்: தேசிகர் உங்களுக்கு வகுப்பு எடுக்கப் போவதில்லை. இன்று எடுக்கிறவர் பாடுவதை இரண்டு ஊரிலும் போய்க் கேளுங்கள். பெருமையை வைத்து அப்பாக்கள் மட்டுமல்ல, உங்கள் பாட்டியும் ஏமாறலாம்.

அத்தை அந்தக் காலத்தில் டிகிரி இல்லாமலே அண்ணாமலையில் தபாலில் நேராக எம்.ஏ. வாங்கினார். நானும் அப்படி வாங்கலாமா?
*– அவசரக்காரி, மயிலாடுதுறை*

அத்தைக்கு வாழ்த்துகள், நீங்கள் வேண்டாம். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய எம்.ஏ. வேலைக்குத் தகுதியாகாது என்று 2009-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; வழக்கில் ஒரு தரப்பே அண்ணாமலைதான். 2022 மார்ச்சில் யு.ஜி.சி. வேறு, 2014-15-க்குப் பிறகு தன் அனுமதியின்றி அங்கே நடந்த தொலைநிலைப் படிப்புகள் செல்லாது என்று பகிரங்கமாக அறிவித்தது. 1979-இல் தொடங்கி லட்சக்கணக்கானோரைப் பட்டதாரியாக்கிய பிரிவு அது என்பது மறுக்க முடியாத உண்மை. என்றாலும் எந்தப் பல்கலைக்கழகத்தில் தபால் வழி சேர்ந்தாலும், அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணக் கஷ்டத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் சேர்வது ஆபத்து இல்லையா?
*– கணக்குப் பிள்ளை, குறிஞ்சிப்பாடி*

அப்படிப் பார்த்தால் எங்கே போவீர்கள்? 2024-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித் துறை முடக்கியது. மதுரை காமராசரில் சம்பளத்துக்குத் திண்டாட்டம். அண்ணாமலையில் உபரி என்று கணக்கெடுத்த ஆசிரியர்களை அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தின் கஜானா மாணவரைத் தொடும் இடம் ஒன்று: நிரந்தர ஆசிரியர் ஓய்வு பெற்ற இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்பது. உங்கள் துறையில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் கௌரவ விரிவுரையாளர் என்று கேளுங்கள். மற்ற கணக்கை ஆடிட்டர் பார்க்கட்டும்.

நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறீர்கள். போனால் எதைப் பார்ப்பது?
*– முதல் பட்டதாரியின் அப்பா, சேத்தியாத்தோப்பு*

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அது எல்லா ஊரிலும் அழகுதான். துறை நோட்டீஸ் போர்டில் கடைசியாக ஒட்டிய காகிதத்தின் தேதியைப் பாருங்கள். நூலகம் எத்தனை மணி வரை என்று விசாரியுங்கள். செமஸ்டர் ரிசல்ட் எத்தனை மாதத்தில் வருகிறது என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். அவர் உண்மை சொல்வார், முதலாண்டுக்குத் தெரியாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இந்தப் படிப்புக்கு உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். மகளாக இருந்தால் புதுமைப் பெண், மகனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன்: தகுதி இருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய். திரும்பும்போது சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். அதை வைத்து மட்டும் பல்கலைக்கழகத்தை முடிவு செய்துவிடாதீர்கள், ஆசை வரும்.

இரண்டு பக்கமும் சண்டை. இரண்டிலும் சேர்ந்துவிட்டால்?
*– சமாதான விரும்பி, விழுப்புரம்*

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-இல் யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது, வகுப்பு நேரம் மோதக் கூடாது என்பதே நிபந்தனை. காலையில் அண்ணாமலை நகர், மாலையில் சேப்பாக்கம் என்றால் படிப்பது ரயிலில்தான்.

கடைசியாக ஒன்று. நீங்கள் எந்த யுனிவர்சிட்டி?
*– சந்தேகப் பிராணி, கடலூர்*

சொன்னால் மேலே உள்ள பதில்களில் பாதியைக் கிழித்துப் போடுவீர்கள், மீதிப் பாதியை ஃபிரேம் போடுவீர்கள். இரண்டும் வேண்டாம். போய் ஃபாரத்தை நிரப்புங்கள், கடைசித் தேதி யாருடைய அப்பாவுக்காகவும் தள்ளிப்போகாது.