கத்தரி வெயிலில் நூல் வாங்குதல்

கோடைச் சுற்றுலாவை மலை, கடல், கோயில் என வகுத்தவர்கள், கத்தரி வெயிலையும் பொருட்படுத்தாமல் சென்னைப் பாரிமுனையின் சந்துகளில் நடந்தேறும் பூத்தையல் பொருள் வேட்டையை அவ்வரிசையில் சேர்க்க மறந்தது வியப்புக்குரியது. மலைவாசத்தலத்தின் குளிர்ச்சி அங்கில்லை எனினும், பணத்தைத் தொலைத்துக் களைத்துத் திரும்பும் நிறைவு இரண்டிலும் ஒன்றே.

ஆரி வேலை, அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் கொக்கிமுனை ஊசியால் சங்கிலித் தையலிடும் கலை, பயில்வோர் ரவிக்கைத் துணியின் சிறு துண்டொன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டே கடையேறுவர். கடை விளக்கொளியில் அத்துண்டோடு முற்றும் பொருந்திய நூல், பகல் வெளிச்சத்தில் வேறு நிறமாகப் பிரிந்து தெரிவதுண்டு; நிறவியலார் மெட்டாமெரிசம் எனப் பெயரிட்ட இந்நிகழ்வின் காரணமாகவே, உடன்வந்த கணவர் நூலும் துண்டுமாய் வாசலுக்கு அனுப்பப்பட்டு, உச்சிவெயிலில் நின்று தீர்ப்பு வழங்கப் பணிக்கப்படுகிறார். அத்தீர்ப்பு ஏற்கப்படுவதில்லை என்பது வேறு.

பருத்திப் பூத்தையல் நூலின் ஒரு சிட்டம் வழக்கமாக 8 மீட்டர் நீளமும் 6 இழைகளும் கொண்டது; இரண்டிரண்டு இழையாகப் பிரித்துக் கோத்தால் அதுவே 24 மீட்டருக்கு வரும். இக்கணக்கை நன்கறிந்தவர்களே ஒரே சிவப்பில் ஐந்து சிட்டம் வாங்குகின்றனர். அதே சிவப்பு வீட்டுப் பெட்டியில் ஏற்கெனவே இருப்பது அடுத்த கோடையில்தான் தெரியவருகிறது.