ஜெராக்ஸ் கடை நலத்துறை

பொத்தேரியில் நலத்துறை எங்கே என்று கேட்டால், ஒரு ஜெராக்ஸ் கடையைத்தான் காட்டுவேன். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் புராஜெக்டுக்கு ஸ்பைரல் போடுகிற தம்பிதான், நடுவில் நுழையும் பாட்டிகளுக்கு முதியோர் உதவித்தொகை மனுவும் எழுதித் தருகிறார்.

“ஆயா, ஆதார்ல ஒரு பேர், ரேஷன் கார்டுல ஒரு பேர் இருக்கே?”

“ரெண்டும் நான்தாம்பா!”

நமக்கு அது போதும். கம்ப்யூட்டருக்குப் போதாது.

உதவிக்கு ஒன்றும் பஞ்சமில்லை. முதியோர் தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அடுத்த மாதமே மகளிர் உரிமைத்தொகை 1,000 வந்தது. அவசரத்துக்குப் போன் எண்களும் உண்டு: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. ஞாபகம் மங்கும் வயதுக்கென்று பார்த்துப் பார்த்து ஐந்து இலக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் கலெக்டரைப் பார்க்கக் காஞ்சிபுரம் போகவேண்டும். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் அலைச்சல் குறைந்தது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மின்சார ரயில் ஏறினால் காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், பரனூர், அடுத்தது செங்கல்பட்டு. ஐந்தே நிறுத்தம். மனு மேசை விட்டு மேசை போவதற்கு மட்டும் இன்னும் ரயில் விடவில்லை.

ஆயா ஒப்புகைச் சீட்டைச் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் மடித்து வைத்தார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார்.

“இதுக்கும் ஒரு ஜெராக்ஸ் போட்டுடு தம்பி.”