அவள் 'வேண்டாம்' என்றால்?

கேள்வி: கடவுள் காப்பார் என்று சிசேரியனை மறுக்கும் கர்ப்பிணியை, குழந்தைக்காகவாவது கட்டாயப்படுத்தினால் என்ன தவறு?

பதில்: 1981-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இதே கேள்வி நீதிமன்றப் படியேறியது. ஒரு கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடி கருப்பை வாயை முழுவதுமாக அடைத்திருக்கிறது; அறுவை இல்லாவிட்டால் குழந்தை இறப்பது 99 சதவீதம் உறுதி, தாய் பிழைக்கவும் பாதி வாய்ப்புதான் என்றார்கள் மருத்துவர்கள். மத நம்பிக்கையால் அந்தப் பெண் மறுத்தார். நீதிமன்றம் அறுக்க உத்தரவிட்டது. கத்திக்கு வேலை வரவில்லை. சில நாட்களில் சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம்.

இதை வைத்து மருத்துவமே பொய் என்பது ஆபத்தான பேச்சு. நஞ்சுக்கொடி வழியை அடைத்திருந்தால் சிசேரியன்தான் உயிர் காக்கும். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நல்ல யோசனை சொல்லும் உரிமை, சம்மதிக்காத உடலைக் கிழிக்கும் உரிமை ஆகிவிடாது. பெற்ற பிள்ளைக்குச் சிறுநீரகம் தேவை என்றால்கூடத் தாயை மேசையில் கட்டிவைத்து எடுக்க முடியாதே! குழந்தையின் உயிர் பெரிதில்லையா என்பீர்கள். பெரிதுதான். 1987-ல் வாஷிங்டனில், புற்றுநோயால் மரணத் தறுவாயில் இருந்த 26 வாரக் கர்ப்பிணிக்கு அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் நீதிமன்ற உத்தரவோடு சிசேரியன் செய்தார்கள். குழந்தை சில மணி நேரத்தில் இறந்தது. தாய் இரண்டு நாளில். 1990-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இப்படிக் கட்டாயப்படுத்தினால் கர்ப்பிணிகள் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார்கள் என்றும் எச்சரித்தது. அப்போது அந்தக் குழந்தைகளை யார் காப்பது?

மருத்துவர்களே, பொறுமையாக விளக்குங்கள், மன்றாடவும் செய்யுங்கள். முடிவைக் கர்ப்பிணியிடமே விடுங்கள்.