மாமன் சீரில் ஒரு ஸ்பேனர்

இன்ஜினியர் ஆகப்போகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு நம் சொந்தக்காரர்கள் அறிவுரை தருவார்கள், பேனா தருவார்கள், கொஞ்சம் வசதியானவர்கள் சுவர்க்கடிகாரம்கூடத் தருவார்கள். ஸ்பேனர் தந்தவரை நான் கண்டதில்லை.

அக்கா மகள் மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, தாய்மாமனிடம் தங்கக்காசு எதிர்பார்க்கப்பட்டது. "தங்கம் பீரோவுல தூங்கும்க்கா. குரோம் வனேடியம் ஸ்பேனர் தினமும் உழைக்கும்" என்றேன். "அதுக்கு எந்தச் சேட்டு அடகுக் காசு தருவான்?" என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்விதான்.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது 46 சாமான்கள் அடங்கிய பெட்டி. நம்பாதீர்கள். அதிலிருக்கும் ஸ்டார் முனை, இறுகிய ஸ்குரூ இரண்டைப் பார்த்ததுமே மழுங்கிவிடும். போகும்போது ஸ்குரூவின் தலையையும் கூட்டிக்கொண்டு போகும். நீடித்து நிற்பது பெட்டி ஒன்றுதான். பிற்பாடு ஊசி, நூல், பட்டன் போட்டுவைக்கலாம்.

நான் எடுத்தது மூன்றே மூன்று. இரண்டாம் நம்பர் ஸ்டார் ஸ்குரூ டிரைவர் ஒன்று. வீட்டில் பாதி ஸ்குரூ அதற்குத்தான் மசியும். பத்துக்குப் பதினொன்று ஸ்பேனர் ஒன்று. பைக் வைத்திருப்பவர்களுக்குப் பத்தாம் நம்பரின் அருமை தெரியும், அது தொலைந்துபோகும் வேகமும் தெரியும். மூன்றாவது, வெர்னியர் காலிப்பர். டிஜிட்டல் வேண்டாம் என்றேன். அதில் பொத்தான் பேட்டரி தீர்ந்த அன்று அளவும் தீர்ந்தது. கோடு போட்டதற்கு பேட்டரி கிடையாது. கண் இருந்தால் 0.02 மில்லிமீட்டர் வரை சொல்லிவிடும். மிட்டுடோயோ வாங்கினேன். ஜப்பானில் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய எஹான் நுமாதா, பௌத்தத்தைப் பரப்பப் பணம் சேர்க்கத்தான் 1934-இல் மைக்ரோமீட்டர் செய்ய இறங்கினாராம். "புண்ணிய காரியத்துக்காக ஆரம்பிச்ச கம்பெனிக்கா" என்றேன். அக்கா விலையைக் கேட்டாள். சொன்னேன். "புண்ணியம் அவங்களுக்குப் போயிடுச்சு" என்றாள்.

ஆனால் ஒரு கருவியின் ஆயுளை ஸ்டீலா தீர்மானிக்கிறது? அந்த வீட்டு அப்பா தீர்மானிக்கிறார். எங்கள் அத்தானுக்கு ஸ்குரூ டிரைவர் என்றால் பெயிண்ட் டப்பா திறப்பது. கட்டிங் பிளேயர் என்றால் ஆணி அடிப்பது. சுத்தியல் ஒன்று தனியாக இருக்கிறது, அது கதவுக்கு முட்டுக்கொடுக்க. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்ட ஸ்பேனரால், பூ வாடுவதற்குள் தேங்காய் உடைத்தவர் அவர். காலிப்பரை ஒருநாள் சோபாவுக்கு அடியில் ரிமோட்டை இழுக்கப் பயன்படுத்தினார். மகள் அன்றே பீரோ சாவியைக் கைப்பற்றிவிட்டாள். இப்போது அம்மாவின் வளையலுக்குப் பக்கத்தில், எண்ணெய் தடவிய துணியில், காலிப்பர் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே பரிசு வாங்கப் போகிறவர்களே, இரண்டாக வாங்குங்கள். நல்லதைப் பிள்ளையிடம் கொடுங்கள். அந்த 46 சாமான் பெட்டியை அப்பாவிடம் கொடுங்கள்.