மாநிலந்தேர் படலம்: புறவெளி விரும்பிகள் குடிபெயர்வது பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வேலையை மடிக்கணினிக்குள் அடக்கி எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்ற நிலை 2020-க்குப் பின் பரவியதிலிருந்து, மலையேறவும் முகாமிடவும் படகு வலிக்கவும் ஐம்பது மாநிலங்களுள் எதில் குடியேறுவது உத்தமம் என்னும் வினா, முன்பு வரன் பார்ப்பதற்கு மட்டுமே உரியதாயிருந்த தீவிரத்தோடு ஆராயப்பட்டு வருகிறது. அங்கே ஜாதகம் என்றால் இங்கே தரவரிசைப் பட்டியல். அங்கே பத்துப் பொருத்தம் என்றால் இங்கே பத்து அளவுகோல். எத்தனை பொருந்தினாலும் கடைசியில் சம்பந்தி வீட்டார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பார்த்தே முடிவெடுக்கப்படுவது இரண்டுக்கும் பொது. இத்துறைக்கு முறையான இலக்கணம் இன்றளவும் இல்லாமை பெருங்குறையாதலின், அதனை நீக்குவதாகச் சொல்லிக்கொண்டு இவ்வாய்வு தொடங்குகிறது.

புறவெளி விரும்பி என்பார், கூரையும் குளிர்சாதனமும் உள்ள வீட்டைத் தவணையில் வாங்கி, சனிக்கிழமைதோறும் அதைப் பூட்டிவிட்டு, கூரையில்லாத இடத்தில் படுப்பதற்குக் கட்டணம் செலுத்துபவர். இத்தொடருக்கு ‘வெளிக்குப் போகிறவர்’ எனப் பொருள் கொள்வாரும் உளர். அது நாட்டு வழக்கில் மயங்கிய பிழையுரையே எனினும் முற்றாகத் தள்ளுவதற்கில்லை. ஏனெனில் கானகத்தில் அவ்வினை நிகழ்த்துவோர் நீர்நிலையிலிருந்து 200 அடி விலகி, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூடவேண்டும் என்று அந்நாட்டு மலைவழிக் கையேடுகள் விதித்திருக்கின்றன. நம் கண்மாய்க்கரை மரபினர் இவ்விதியை எந்த ஆழத்திலும் கைக்கொண்டதற்குச் சான்றில்லை.

இவர் மூவகைப்படுவர்: நடப்பவர், நடப்பதற்குரிய பொருள்களை வாங்குபவர், நடந்ததாகச் சொல்பவர். முதல் வகையினர் மிகச் சிலராதலின் ஆய்வுக்கு உதவார். இரண்டாம் வகையினரின் இயல்பைக் கராஜில் காணலாம். கராஜாவது, காரை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டு, பின்னர் கயாக், டென்ட், நான்கு அளவுகளில் முதுகுப்பை ஆகியவை குடியேறியமையால் காரை வெளியே தள்ளிவிட்ட அறை. மூன்றாம் வகையினரைப் பொங்கல் விழா விருந்துகளில் காண்க.

இனி நிலப் பாகுபாடு. தொல்காப்பியர் நிலத்தை நான்காக வகுத்து, பாலைக்கெனத் தனிநிலம் கூறாது விட்டதற்கு உரையாசிரியர்கள் பல காரணம் காட்டுவர். அவர் நெவாடாவைப் பார்த்ததில்லை என்பதே எளிய காரணம். குறிஞ்சிக்குக் கொலராடோவும், நெய்தலுக்கு மெயினும், மருதத்துக்குச் சோளக்கொல்லை நிறைந்த அயோவாவும் எடுத்துக்காட்டு. மருதத்துக்குரிய ஊடல், அயோவாவில் வேலை கிடைத்த செய்தியைப் புறவெளி விரும்பி வீட்டில் அறிவிக்கும் மாலைப்பொழுதில் தொடங்கும். அலாஸ்கா: எட்டுத் தேசியப் பூங்காக்கள் உண்டு, அவற்றுள் ஒன்றுக்குச் சாலையும் இல்லை, உள்ளே நடைவழியும் இல்லை. மிசூரி: 630 அடி உயர எஃகு வளைவு ஒன்று 2018 முதல் தேசியப் பூங்கா என்னும் தகுதி பெற்று நிற்பதால், இயற்கை என்பதற்கு வேறு இலக்கணம் தேவை. ஒஹாயோ: இது ஒழிபியலில் கூறப்படும்.

இப்பாகுபாட்டுக்கு மூலமாகக் கொள்ளப்படுவது குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்ட ஒரு வரைபடம். இதற்கு மூன்று பிரதிகள் உண்டு என்பர் ஒருசாரார். இரண்டே என்பர் மறுசாரார், மூன்றாவது இரண்டாவதன் பின்பக்கமாதலின். எல்லாப் பிரதிகளிலும் வயோமிங் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு நிறக் கறை ஒன்று காணப்படுகிறது. பழைய உரைகாரர் இதைப் பாலைநிலக் குறியீடு எனக் கொண்டு பதினான்கு பக்கம் எழுதினார். விருத்தியுரைகாரர், ‘அது சாம்பார்’ என்று இரண்டே சொல்லில் மறுத்தார். அவருடைய மாணாக்கர், ஆசிரியர் கூறிய சாம்பார் அரைத்துவிட்ட சாம்பாரா பொடி போட்ட சாம்பாரா என்று நிறுவுவதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அரும்பதவுரைகாரர் கறையைச் சுரண்டி எடுத்துவிட்டமையால் இனி இதுகுறித்து மேலாய்வுக்கு இடமில்லை என்று பின்வந்தோர் வருந்தியபோது, சுரண்டிய தடத்தைப் பற்றி ஒரு புதிய பள்ளி தோன்றியது. குறிஞ்சிப்பூவை நேரில் பாராமலே அதன் இதழ் எண்ணிக்கை பற்றி முனைவர் பட்டம் பெறக்கூடிய உலகில் இதில் வியப்பதற்கொன்றுமில்லை.

கறை நீங்கியபின் வயோமிங்கில் தென்படுவது சதுரங்கக் கட்டம். 1860-களில் இருப்புப்பாதை போட்ட நிறுவனங்களுக்கு அரசு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் வழங்கியதால், ஒரு கட்டம் பொதுநிலம், அடுத்தது தனியார் நிலம் என்று அம்மாநிலத்தின் தென்பகுதி மாறிமாறிக் கிடக்கிறது. கூட்டரசுக்குரிய நிலம் எந்த மாநிலத்தில் மிகுதியோ அங்கே குடியேறுக என்பது பட்டியலாசிரியர்களின் முதல் விதி. அவ்விதிப்படி நூற்றுக்கு 80 பங்கு கொண்ட நெவாடாவும், 60-ஐத் தாண்டும் யூட்டாவும் ஐடஹோவும் முன்னிற்க, 2 பங்குகூட இல்லாத டெக்சஸ் வாசலுக்கு வெளியே நிற்கும். ஆனால் நெவாடாவின் பங்கில் அணுகுண்டு வெடித்துச் சோதித்த களமும் அடக்கம் என்பதையும், பொதுநிலம் இருப்பதும் அதற்குள் போக வழி இருப்பதும் வெவ்வேறு என்பதையும் விதி கூறவில்லை. நான்கு கட்டங்கள் கூடும் மூலை ஒரு புள்ளி. புள்ளிக்கு நீளமும் அகலமும் இல்லை. ஆகவே ஒரு பொதுநிலக் கட்டத்திலிருந்து மூலை வழியாக மறு பொதுநிலக் கட்டத்துக்குக் கால் வைப்பவர், தனியார் மண்ணை மிதிக்காவிடினும் தனியார் காற்றைக் கிழிக்கிறார். 2021-இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் ஏணி ஒன்றை வைத்து ஏறி மறுபக்கம் இறங்கியபோது, நில உரிமையாளர் 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கோரினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வரப்புத் தகராறு தஞ்சைக்கே உரிய கலை என்று எண்ணியிருப்போர் இப்பகுதியை இருமுறை வாசிக்க.

அடுத்தது மேடுபள்ளம். புறவெளி விரும்பி தட்டையான மாநிலத்தை வெறுப்பவர். எனவே தட்டை என்பது யாது என்பதை வரையறுத்தல் இன்றியமையாததாகிறது. இது தொடர்பான மூலநூல் 2003-இல், இக் நோபல் பரிசுகளை வழங்கும் ‘அன்னல்ஸ் ஆஃப் இம்ப்ராபபிள் ரிசர்ச்’ என்னும் நகைச்சுவை ஆய்விதழில் வெளிவந்தது. கன்சாஸ் மாநிலம் பான்கேக்கைப் போலத் தட்டை என்று மக்கள் சொல்லும் வழக்கைச் சோதிக்கப் புகுந்த மூன்று புவியியலறிஞர்கள், சங்கிலி உணவகம் ஒன்றில் பான்கேக் வாங்கி, அதன் மேற்பரப்பை லேசர் நுண்ணோக்கியால் அளந்தனர். பான்கேக் என்பது ஊத்தப்பத்துக்குத் தூரத்து உறவு. முட்டை சேர்ந்தமையால் விலக்கி வைக்கப்பட்டது. முழுத் தட்டைக்கு 1 என மதிப்புக் கொடுத்தால் பான்கேக்குக்கு 0.957 வந்தது, கன்சாஸுக்கு 0.9997 வந்தது. கன்சாஸ் பான்கேக்கை விடவும் தட்டை என்று முடிவு கட்டி அவர்கள் எழுந்து போய்விட்டனர்.

கேலி அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் 2014-இல் ‘ஜியாகிராஃபிகல் ரெவ்யூ’ என்னும் சிரிக்காத ஆய்விதழில் அதற்கு மறுமொழி வந்தது. ஒவ்வோரிடத்திலும் நின்று சுற்றிலும் பார்ப்பவர் கண்ணுக்கு நிலம் எவ்வளவு தட்டையாகத் தோன்றும் என்று நாடு முழுவதையும் கணினியில் அளந்து, தட்டையில் முதலிடம் ஃபுளோரிடாவுக்கே, அடுத்து இல்லினாய், வடக்கு டக்கோட்டா, லூசியானா, மின்னசோட்டா, டெலவேர் வந்தபின்னரே ஏழாவதாகக் கன்சாஸ் வரும் என்று அது நிறுவியது. ஆய்வாளர் இருவருள் ஒருவர் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்பது ஆய்வின் முடிவோடு தொடர்பற்றது. பகடிக்குப் பதினொரு ஆண்டு கழித்து வரைபடத்தோடு பதில் எழுதும் பொறுமை இருக்கும்வரை, போலி ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் தொழிலுக்கு ஆபத்து உண்மையான ஆய்வாளர்களிடமிருந்தே வரும்.

ஃபுளோரிடாவின் மிக உயர்ந்த இடம் 345 அடி. சென்னைவாசிகள் இதனைப் பரங்கிமலையோடு ஒப்பிட்டுக் கொள்க. எனினும் ஊத்தப்ப மரபினர் இம்முடிபுகளை ஏலார். 13 சென்டிமீட்டர் அகலமுள்ள பான்கேக்கில் 2 மில்லிமீட்டர் மேடு ஒன்றிருந்து, அதனைக் கன்சாஸின் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்தால் அம்மேடு 10 கிலோமீட்டர் உயரமாகி எவரெஸ்டை விஞ்சும். ஆகவே அந்த அளவுகோலில் கொலராடோவும் தட்டையே என்பது அவர்தம் வாதம். இது மறுக்கமுடியாத வாதமாதலின் எவரும் மறுக்கவில்லை, பொருட்படுத்தவுமில்லை. மேலும், ஊத்தப்பத்தின் மீதுள்ள வெங்காயம் நிலத்தின் கூறா, நிலத்தின் மேல் வளர்ந்த தாவரமா என்ற வினாவில் அம்மரபு வடகலை தென்கலையாகப் பிரிந்தது. வெங்காயமே சேர்க்காத மூன்றாமவர் இருசாராரையும் பந்தியில் அமர விடவில்லை. தோசை மரபினரோ முறுகலைச் சுருட்டலாம், மாநிலத்தைச் சுருட்டமுடியாது என்பதால் உவமையே பிழை என்றனர். (சுருட்டமுடியும் என்று சுரங்க நிறுவனங்களின் வரலாற்றைக் காட்டி ஒருவர் எழுதிய மறுப்பு அச்சேறவில்லை.) இவற்றுள் நிலைத்தது ‘மசால் தோசை நியாயம்’ ஒன்றே. மலை மாநிலம் எனப் புகழப்படும் கொலராடோவின் கிழக்குப் பகுதி கன்சாஸின் நீட்சியாகிய சமவெளி; மலையெல்லாம் மேற்கில். தட்டில் வந்த மசால் தோசையின் ஓரத்தைப் பிய்த்துத் தின்றவர் மசாலாவே இல்லை என்று சண்டைக்கு வருவது போல, கிழக்கெல்லையில் வாடகை குறைவென்று குடியேறியவர் மலையைக் காணோம் என்று புலம்புவர். மசாலா தொடங்கும் விளிம்பில் அமைந்த ஊர் டென்வர்.

டென்வரில் குடியேறியவர் எண்ணத் தொடங்குவர். 14,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் கொலராடோவில் 58 என்பர். இரு சிகரங்களுக்கிடையே நிலம் 300 அடியாவது தாழ்ந்து எழுந்தாலன்றி இரண்டாவதைத் தனிச் சிகரமாகக் கொள்ளலாகாது என்னும் நெறியினர் 53 என்பர். மாஸிவ் மலையை விட எல்பர்ட் மலை 12 அடியே உயரமாதலால், மாஸிவ் பற்றாளர் அதன் உச்சியில் கல் அடுக்கி உயர்த்தியதும், எல்பர்ட் பற்றாளர் ஏறிப்போய் அதைத் தள்ளிவிட்டதும் அங்கே வழங்கும் செய்தி. எண்ணி முடித்து ஞாயிறு பிற்பகல் வீடு திரும்புவோர், 11,158 அடி உயரத்தில் மலையைக் குடைந்து செல்லும் ஐசனோவர் சுரங்கத்தின் முன் கார்களின் வரிசையில் நின்று, புறவெளியைக் கண்ணாடி வழியே நெடுநேரம் துய்ப்பர்.

இயற்கை கட்டற்றது என்பதும் பழைய கருத்து. ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் கோடைக்காலத்தில் நுழைய நேரச்சீட்டு முன்பதிவு வேண்டும். யூட்டாவின் சயன் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் பாறை முகட்டில் ஏற 2022 முதல் குலுக்கலில் பெயர் விழவேண்டும். திருப்பதி தரிசனச் சீட்டுக்கு அதிகாலையில் கணினி முன் அமர்ந்து தேர்ச்சி பெற்ற தமிழர் இக்கலையில் ஏனையோரினும் முந்தியிருப்பர். மழைக்கு அஞ்சி வாஷிங்டன் மாநிலத்தை விலக்குவதும் இவர்க்குத் தகாது. சியாட்டிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர், சென்னையில் 1,400. சென்னை மழை வந்து முழங்கால் வரை நின்று வடிந்துவிடும். சியாட்டில் மழை மனக்குறை உள்ள மாமியார் போலப் பலமாகப் பேசாது, நிறுத்தவும் செய்யாது.

ஒழிபியல். மேற்கூறிய அளவுகோல்கள் யாவும் மாநிலத்தை அளப்பன. குடியேறுபவரோ மாநிலத்தில் வசிப்பதில்லை, ஒரு தெருவில் வசிக்கிறார். அத்தெருவிலிருந்து இந்தியக் கடை 20 நிமிடத்திலும், கோயில் 40 நிமிடத்திலும், பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்திலும் அமைந்தபின் எஞ்சும் நேரத்துக்குள் எந்த மரத்தடியை எட்டமுடியுமோ அதுவே அவருடைய புறவெளி. டல்லாஸில் வீடு வாங்கியவர்க்கு டெக்சஸின் பிக் பெண்ட் பூங்கா ஏறத்தாழ ஒன்பது மணி நேரக் கார்ப்பயணம். அது அவருடைய மாநிலத்திலேயே இருக்கிறது என்பது வரி கட்டும்போது மட்டும் நினைவுக்கு வரும்.

ஒஹாயோ பற்றி இங்கே கூறுவதாக முன்னர் சொல்லப்பட்டது. எந்தப் பட்டியலிலும் முந்தாத அம்மாநிலத்தில், கிளீவ்லேண்ட், ஏக்ரான் என்னும் இரு தொழில்நகரங்களுக்கிடையே கயஹோகா ஆறு ஓடுகிறது. எண்ணெயும் கழிவும் மிதந்த அந்த ஆறு 1969-இல் தீப்பற்றி எரிந்தது. அதன் பள்ளத்தாக்கு 2000 முதல் தேசியப் பூங்கா. முன்பதிவு கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது.