லாஸ் பார்த்தல்: திணை வகுக்கும் முயற்சி

ஏஐ ஸ்டார்ட்அப்பில் இன்ஜினியராக இருப்பவன் நாள் முழுக்க என்ன செய்கிறான் என்ற வினாவுக்கு நூலோர் இதுவரை நேர்மையான விடை பகரவில்லை. மாடல் உருவாக்குகிறான் என்பர். அது முதலாளி முதலீட்டாளரிடம் சொல்வது. அவன் செய்வது லாஸ் பார்த்தல். மாடல் படிக்கப் படிக்க அதன் பிழையளவு திரையில் ஒரு கோடாக இறங்கும். இறங்குகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பதே தொழில். பெருங்குடியில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் மூன்றாண்டு இதைச் செய்தவன் என்ற ஒரே தகுதியில், இவ்வொழுக்கத்துக்குத் திணை வகுக்கத் துணிந்தேன்.

நிலத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஆள் பெருங்குடியில், மாடல் படிக்கும் ஜிபியூ மணிக்கணக்கு வாடகைக்கு எங்கோ கண்காணாத ஊரில். ஆகவே பிரிவு, ஆகவே பாலை என்பார் ஒரு சாரார். பொழுதை நோக்கினால் யாமம். பகலெல்லாம் மீட்டிங்கில் கழிய, ரன், அதாவது மாடலைப் படிக்கவைக்கும் ஓட்டம், போடும்போது மணி பதினொன்று ஆகிவிடுவதால். யாமம் குறிஞ்சிக்கு உரியது என்று மறுசாரார் மல்லுக்கு நிற்பர். இரண்டும் பொருந்தா. உரிப்பொருள் இருத்தல், எனவே முல்லையே என்க. கார்காலத்தில் வருவேன் என்று போனவனுக்காகக் காத்திருந்தவளும், ‘இன்னும் 9 மணி 14 நிமிடம்’ என்று காட்டும் திரைமுன் இருப்பவனும் ஓரினம். அவளுக்குத் தேற்றத் தோழி இருந்தாள். இவனுக்கு ஸ்லாக்.

கருப்பொருளில் உணவு, ஆறிய பரோட்டா. தெய்வம், 42. குலுக்கலைத் தொடங்கிவைக்கும் ‘சீட்’ எண்ணாக எதையும் போடலாம்; ஆனால் கை தானாக 42 என்றுதான் அடிக்கும். டக்ளஸ் ஆடம்ஸ் தம் நகைச்சுவைக் கதையில் பிரபஞ்சக் கேள்விக்கு விடையாக வைத்த எண் அது. கதையைப் படிக்காதவர்களும் போடுகிறார்கள். எங்கள் ஆபீசில் ஒரு பையன் 43 போட்டான், ரன் செத்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு யாரும் 43 போடவில்லை.

இனி லாஸ். 32,000 டோக்கன், அதாவது சொல்துண்டு, கொண்ட மாடல் ஒன்றுமே தெரியாமல் ஊகித்தால் கோடு 10.37 அருகே தொடங்கும். 32,000-இன் இயல் மடக்கை அது. முதல் அரைமணியில் மளமளவென்று சரியும்; அப்போது எவனும் மேதை. பிறகு வரும் நீண்ட சமவெளியில்தான் கற்பு சோதிக்கப்படுகிறது.

ரன் சாகும் வகை பல. மெமரி போதாமல் சாவது நற்சாவு. 700 கோடி அளவுரு கொண்ட மாடலை அளவுருவுக்கு 2 பைட்டாகச் சும்மா ஏற்ற 14 ஜிபி போதும். வழக்கமான முறையில் முழுதாகப் படிக்கவைக்க அளவுருவுக்கு 16 பைட், ஆக 112 ஜிபி. ஜிபியூ கார்டில் இருப்பது 80. முதல் நிமிடத்திலேயே கத்திவிட்டுச் செத்துவிடும், வாடகை மிச்சம். விடியற்காலை இரண்டே முக்காலுக்கு, எண்ணே இல்லாமல் ‘நேன்’ என்று காட்டிச் சாவதே துர்மரணம்.

இவற்றினும் கொடியது கோடு மிக நன்றாக இறங்குவது. ஒருமுறை அப்படி இறங்கியது. முதலாளி அதைப் படம்பிடித்து முதலீட்டாளருக்கு அனுப்பிவிட்டு, கேக்குக்கு ஆர்டர் கொடுத்தார். டீம் லீடாக இருந்த திருநெல்வேலி அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “இம்புட்டு நல்லா வரக்கூடாதே…” என்றார். தோண்டினோம். தேர்வுக்கென்று ஒதுக்கிய கேள்விகளில் பாதிக்குமேல் பாடத்துக்குள்ளேயே கிடந்தன. வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் போன பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு. கேக் வந்து சேர்ந்தபோது யாருக்கும் முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. அக்காதான் சொன்னார், கேக்கை வெட்டிக்கொண்டே.

இத்திணைக்குத் தலைவி கூற்று கிடைத்திலது. கல்யாணமானவர்கள் எங்கள் ஆபீசில் குறைவு. நற்றாய் கூற்று ஒன்று உண்டு. என் அம்மா ஒரு நள்ளிரவில் போனில் சொன்னது.

“இன்னும் தூங்கலையாடா? என்ன பண்றே?”

“கோடு இறங்குதான்னு பாத்துக்கிட்டிருக்கேம்மா.”

“இறங்குதா?”

“ம். நல்லா இறங்குது.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “அப்பாகிட்ட சொல்லல. இருக்கிறதை வித்துட்டு வெளியே வந்துர்றா.”