காட்டுக்குக் கரண்ட் கொண்டுபோனவர்

கண்டியில் இவரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பார். மகியாவையில் டயர் வியாபாரம் செய்வார். பேராதனைப் பக்கம் அரசாங்க உத்தியோகத்திலும் இருப்பார். ஆளும் ஊரும் வேறு வேறு. ஆனால் போயா லீவோடு ஒரு சனி ஞாயிறு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். முன்னால் ஒரு டொல்பின் வேன். அதற்குள் மடிக்கு மேல் மடியாகப் பிள்ளைகள், மைத்துனன்மார், மாமியார், சோற்றுச் சட்டி. பின்னால் ஒரு பட்டா லொறி. அதில் கீழே மெத்தை, மேலே தார்ப்பாய், சுற்றிலும் கயிறு என்று சகல மரியாதைகளுடனும் பயணம் செய்வது ஒரேயொரு சாமான். மாமியாருக்குக் கிடைக்காத மெத்தை ஜெனரேட்டருக்குக் கிடைத்திருக்கிறது. ஜெனரேட்டர் அண்ணன் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை.

எங்கே பயணம் என்று கேட்டால் கேம்பிங் என்பார். ஏன் என்று கேட்கத் தேவையில்லை, அவரே சொல்வார்.

"டவுன்ல மனுசன் இருக்க ஏலாது தம்பி. ஒரே சத்தம், ஒரே புகை. ரெண்டு நாளைக்காவது நிம்மதியா இருக்கணும்."

நியாயமான பேச்சு. நாலு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்துக்குள் கிடக்கிற நகரம் கண்டி. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் விடுகிற புகை மேலே போக வழி தெரியாமல் ஊரையே சுற்றிக்கொண்டிருக்கும். ஹோர்ன் சத்தமும் அப்படித்தான். தப்பி ஓட நினைப்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஓடும்போது அந்தச் சத்தத்திலும் புகையிலும் தன் பங்கை அவர் கையோடு எடுத்துக்கொண்டு போவதுதான் பிரச்சினை.

திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பினால் நக்கிள்ஸ் மலைக்குப் பாதை. தூரத்திலிருந்து பார்த்த வெள்ளைக்காரனுக்கு மடக்கிய கையின் முட்டிகளாகத் தெரிந்து, அவன் அப்படிப் பெயர் வைத்துவிட்டான். ஊர்க்காரர்களுக்கு அது தும்பர மலை. 2000 ஆம் ஆண்டில் இதைப் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தார்கள். 2010 இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. வனத்துக்குள் போனால் வன இலாகாவின் கண் இருக்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். ஆகவே எல்லைக்கு வெளியே, ஓடைக்கரையில், கூடாரமடிக்க ஊர்க்காரர்கள் வாடகைக்கு விடுகிற தனியார் காணியாகப் பார்த்து இறங்குவார். எல்லைக்கல்லை மனிதர்கள் வாசிப்பார்கள். சத்தத்துக்கு வாசிக்கத் தெரியாது.

கோர்பட் கணவாயை நெருங்க நெருங்க போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் கழலும். பிள்ளைகளின் முகம் வாடும், அண்ணனின் முகம் மலரும். இறங்கியதும் காணிக்காரரிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இங்க லைட் இருக்கா?"

"இருக்கு மாத்தயா. வீட்டில இருந்து ஒரு வயர் இழுத்துத் தரவா?"

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணுக்கு முந்தாநாளே நிச்சயமாகிவிட்டது என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளையின் முகம் அப்போது அண்ணனுக்கு வரும். "வேணாம், வேணாம். நாங்க இயற்கையோட இருக்கத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டு, அந்த வயர் எட்டாத மூலையாகத் தேடிப் போவார்.

அந்தி சாய்ந்ததும் கயிறு இழுக்கும் வைபவம். சாரத்தை மடித்துக் கட்டி, சோக்கைப் போட்டு, ஒரு காலை மெஷின்மேல் ஊன்றி இழுப்பார். இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கும். மைத்துனன் ஒருவன் பிளக்கைக் கழற்றித் துடைப்பான். இன்னொருவன் பெற்றோலில் ஒயில் கூடிப்போச்சு என்பான். அடுத்த இழுப்பில் மலை அதிரும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். 1996 ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபைப் பகுதியில் மாலை 6 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் 45 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது. சட்டத்துக்கு இரவு தொடங்குகிற நேரமும் அண்ணன் கயிறு இழுக்கிற நேரமும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்.

அப்படி என்னதான் ஓடுகிறது அதில்? மூன்று போகஸ் லைட். அதிலொன்று லகேகல மலையை நோக்கித் திருப்பப்பட்டிருக்கும். மலையைப் பார்க்கத்தானே வந்தது! ஒரு பாட்டுப் பொக்ஸ். சிக்னலே இல்லாத ஒன்பது பத்து போன்கள் சார்ஜ் ஆகும். குளிருக்கு எல்லாரும் போர்வை போர்த்தியிருக்கும்போது மாமியாருக்கென்று ஒரு மேசை விசிறியும் சுற்றும், அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராதாம். கூப்பிடு தூரத்தில் ஓடை, காலடியில் காய்ந்த விறகு, பக்கத்தில் அடுப்புக்கென்றே படைத்தமாதிரி மூன்று கற்கள். சோறு வேகிறது ரைஸ் குக்கரில். குக்கர் சுவிட்சைத் தட்டியதும் மெஷின் முனகும், லைட் மங்கும். "எல்லாத்தையும் நிப்பாட்டு, பாட்டை மட்டும் நிப்பாட்டாதே!" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

இனி ஜெனரேட்டர் வைக்கிற இடம். இதில் அண்ணனுக்கு இருக்கிற அக்கறை வேறு யாருக்கும் வராது. முதலில் தன் கூடாரத்துக்குப் பக்கத்தில் வைப்பார். "சத்தம் கேக்குதா?" மனைவி ஓம் என்பார். பத்தடி தள்ளி வைப்பார். "இப்ப?" இன்னும் கேட்கும். தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் அளவில் குறையும் என்று பௌதிகவியல் புத்தகம் சொல்கிறது. அண்ணன் அதைப் படிக்காமலே கண்டுபிடித்தவர். எக்ஸ்டென்ஷன் வயரை விரித்துக்கொண்டே போவார். மனைவிக்குக் கேட்காத தூரம் வந்ததும் திருப்தியோடு வைத்துவிட்டுத் திரும்புவார். அந்த இடம் எப்போதும் பக்கத்துக் கூடாரத்தின் தலைமாட்டுப் பக்கமாக இருக்கும்.

பக்கத்துக் கூடாரத்தில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். புதுசாகக் கல்யாணமான சோடி, சைக்கிளில் வந்த ஜேர்மன்காரன், யாராக இருந்தாலும் அனுபவம் ஒன்றுதான். மிகப் பரிதாபமான கட்சி, தவளைச் சத்தம் பதிவு செய்ய வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள். இந்த மலையில் மட்டுமே வாழ்கிற உயிரினங்கள் உண்டு. ஈரப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தவளை, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குள்ள ஓணான், மூக்கு நுனியில் இலை முளைத்தமாதிரி இன்னொரு ஓணான். இலைமூக்கனுக்கு எமர்சன் டெனன்ட் என்ற பழைய குடியேற்றச் செயலாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஓணான் வாய் திறப்பதில்லை, பிழைத்தது. தவளைக்கு அந்த வசதி இல்லை. ஆண் தவளை பெண்ணைக் கூப்பிடுவதும், இது என் இடம் என்று மற்ற ஆணிடம் அறிவிப்பதும் குரலால்தான். புதர்த்தவளைகளின் குரல் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற அளவுக்கு மேல் போகாது. பிள்ளைகள் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு, அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். விடியக் காலையில் போட்டுக் கேட்டால் பதிவில் இருப்பது ஒரு ஜெனரேட்டர், ஒரு பைலா, "அண்ணே, கட்டசம்பல் முடிஞ்சா?" என்று ஒரு கேள்வி, முடியவில்லை என்ற பதில்.

அவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நிற்பாள். "அங்கிள், அந்த மெஷின்..."

"என்ன மகள், சத்தமா? இது சைலன்ட் மொடல்!"

அண்ணன் பொய் சொல்லவில்லை. பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதைப் பெட்டியில் எழுதியவர் தொழிற்சாலையில் உட்கார்ந்து எழுதினார். இரவில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கி, மேலே போக வேண்டிய சத்தத்தைத் திரும்ப நிலத்தை நோக்கி வளைக்கும் என்பதோ, எதிர்மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பும் என்பதோ அவருக்குத் தெரிய நியாயமில்லை. அவள் மேலும் நின்றால் அடுத்த வாதம் வரும். "சத்தம் இருந்தாத்தான் மகள் சிறுத்தை கிட்ட வராது." நக்கிள்ஸில் சிறுத்தை இருப்பது உண்மை. அது மனிதனைக் கண்டால் தானே விலகிப் போகும் என்பதும் உண்மை. இரவு முழுக்க வந்துகொண்டே இருப்பது அட்டை. அதற்குக் காதே கிடையாது.

கனடாவிலிருந்து லீவில் வந்த மருமகன் ஒருவன் ஒருமுறை வாயைத் திறந்தான். "மாமா, அமெரிக்காவில தேசியப் பூங்காக்கள்ல இரவு 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் சத்தம் போட்டா சட்டப்படி குற்றம். ஜெனரேட்டருக்கெண்டு தனியா நேரம் குறிச்ச இடங்களும் இருக்கு." அண்ணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "காட்டுக்குமா மகன் டைம் டேபிள் போட்டிருக்கான்? பாவம், சாப்பிடு."

"சாப்பிடு" என்றதை லேசாக எடுக்க வேண்டாம். அண்ணனோடு யாரும் சண்டை பிடிக்க முடியாமல் போவதற்கு அதுதான் காரணம். முறைப்பாடு சொல்ல வந்த பெண் திரும்பிப் போகும்போது அவள் கையில் ஒரு தட்டுச் சோறும் கோழிக்கறியும் இருக்கும். அரை மணி நேரத்தில் அவளுடைய கூட்டாளி ஒருவன் கமரா பற்றரியைக் கொண்டுவந்து, "அங்கிள், ஒரு ப்ளக் கிடைக்குமா?" என்பான். "ஒன்னென்ன, நாலு எடுங்க!" அந்த நேரத்தில் அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் இவ்வளவு தூரம் வந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தானோ என்று நினைக்கத் தோன்றும்.

அப்படித்தான் என்று நான் நம்புகிறேன். 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அதுவரைக்கும் அண்ணன் தெருவில் பத்தோடு பதினொன்று. கடனுக்கு வாங்கிய சின்ன மெஷினை முற்றத்தில் வைத்துக் கயிறு இழுத்த அன்று இரவு, மொத்த ஒழுங்கையிலும் வெளிச்சம் இருந்த ஒரே வீடு அவருடையது. போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க இன்சுலின் கொண்டுவந்தார்கள். மே மாதம் சாதாரண தரப் பரீட்சை வந்தபோது ஒழுங்கைப் பிள்ளைகள் பாதிப்பேர் அவர் விறாந்தையில்தான் படித்தார்கள். பத்து வருசமாக முகம் கொடுத்துக் கதைக்காத அடுத்த வீட்டுக்காரர் பிளாஸ்கில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சத்தம் என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால்தான் தெருவுக்கே நிம்மதி. பிறகு கியூஆர் கோட் காலத்தில், வேனுக்கு அளந்து ஊற்றிய பெற்றோலைக் குழாய் வைத்து உறிஞ்சி மெஷினுக்கு ஊற்றினார். வேன் பட்டினி கிடந்தது, ஒழுங்கை இருட்டவில்லை.

பிறகு கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியது. விறாந்தை காலியானது. அடுத்த வீட்டுக்காரர் பழையபடி மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நாடு முழுக்க மகிழ்ந்த அந்தச் செய்தியால் ஏதோ ஒன்றைப் பறிகொடுத்த மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு தொடக் கூடாத இடத்தைத் தொட்டதில் தீவு முழுவதும் கரண்ட் போயிற்று. காரணத்தை அமைச்சரே சொல்ல, நாடு சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "அந்தக் குரங்குக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மெஷினின் தூசியைத் தட்டினார். சில மணி நேரத்தில் லைட் வரத் தொடங்கிவிட்டது. கண்டியில் இனி நம்பிக்கொண்டிருக்க இருட்டு இல்லை. மலைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைச் சிரித்துவிட்டு விட முடியாது. தும்பரவில் மழை சொல்லிக்கொண்டு வராது. முதல் துளி விழுந்ததும் அண்ணன் பிள்ளைகளைத் தேடுவதற்கு முன்னால் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி, கூடாரத்தின் வாசல் விரிப்புக்குக் கீழே வைப்பார், ஓடிக்கொண்டிருக்கும்போதே. அதிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். இதைச் சொன்னால் மட்டும் மறு பேச்சில்லாமல் நிறுத்துவார். "பிள்ளைகள் இருக்கு" என்பார். அப்போது சடாரென்று ஓர் அமைதி விழும். ஓடை அங்கேயேதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரியவரும். இரண்டு நிமிடம் போனதும் மைத்துனன் கேட்பான், "என்ன அண்ணே, ஒரே போரிங்கா இருக்கு?"

இப்போது அவர் மாறிவிட்டதாகக் கேள்வி. கடைத்தெருவில் கண்டபோது அவரே பெருமையாகச் சொன்னார். லிதியம் பற்றரிப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம். சூட்கேஸ் அளவு. சத்தமில்லை, புகையில்லை, கயிறு இழுக்கத் தேவையில்லை.

"நல்ல விஷயம் அண்ணே. இனி மத்தவங்களும் நிம்மதியாத் தூங்குவாங்க."

"அதைச் சொல்லுங்க! முந்தி மெஷின் இரைச்சல்ல பாட்டே ஒழுங்காக் கேக்காது தம்பி. இப்ப அந்தப் பிரச்சினையே இல்லை. அதனால இன்னும் ரெண்டு பொக்ஸ் எடுத்திருக்கேன்."

"அப்ப ஜெனரேட்டரை வித்துட்டீங்களா?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விக்கிறதா? நடுச்சாமத்தில பற்றரி இறங்கிட்டா எதில சார்ஜ் பண்ணுறது?"